கணினியை ‘ஃபார்மட்’ செய்யும் முன்: எதை எடுத்து வைப்பது, எப்படிப் புதிதாக நிறுவுவது?

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நிறுத்தியது. கூடுதல் புதுப்பிப்புத் திட்டத்தில் பதிந்துகொள்ளும் தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு தருவதாகவும் அறிவித்தது. வீட்டிலும் ஆலய அலுவலகத்திலும் சிறு கடைகளிலும் ஏழெட்டு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளை இனி என்ன செய்வது என்ற பேச்சு அதிலிருந்து அடிக்கடி காதில் விழுகிறது. “ஃபார்மட் அடிச்சு விண்டோஸ் 11 போட்டுடலாம்” என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில்.

அப்படிப் போடுவது கடினமான வேலை அல்ல. ஒரு பென்டிரைவும் ஓரிரண்டு மணி நேரப் பொறுமையும் இருந்தால் படிவம் நான்கு படிக்கும் பிள்ளையே செய்துவிடலாம். சிக்கலெல்லாம் அதற்கு முந்தைய நாள் செய்யவேண்டிய வேலையில்தான் இருக்கிறது. பலர் அந்த வேலையைச் செய்வதே இல்லை.

நானும் ஒரு காலத்தில் செய்யாதவள்தான். பட்டப்படிப்பின் இறுதியாண்டில், தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பாட்டிமார்கள் பாடும் தாலாட்டுகளைக் கைப்பேசியில் பதிவு செய்து, ஆய்வேட்டுக்காக மடிக்கணினியில் சேர்த்து வைத்திருந்தேன். கணினி மிகவும் மெதுவாகிப் போனதால் பட்டணத்தில் ஒரு கடையில் கொடுத்தேன். “முக்கியமானது ஏதும் இருக்கா தங்கச்சி?” என்று கேட்டார் கடைக்காரர். “எல்லாம் டி டிரைவ்ல இருக்குண்ணே, சி டிரைவை மட்டும் ஃபார்மட் பண்ணுங்க” என்றேன். மறுநாள் கணினி புதிதுபோல வந்தது. டி டிரைவ் இல்லை. பதினான்கு பதிவுகளில் மூன்று மட்டும் கைப்பேசியில் மிஞ்சியிருந்தன. பாடிக்கொடுத்தவர்களில் இரண்டு பேர் அதற்குள் காலமாகிவிட்டார்கள். நான் வாயால் சொன்னதை அவர் எழுதிக்கொள்ளவில்லை. நானும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.

டி டிரைவில் வைத்தால் பத்திரம் என்று நினைப்பவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். பெரும்பாலான மடிக்கணினிகளில் சி, டி என்பவை இரண்டு தனி வன்தட்டுகள் அல்ல. ஒரே தட்டைத்தான், ஒரு கூடத்தின் நடுவே பலகை அடித்து இரண்டு அறையாக்குவதுபோல், இரண்டாகப் பிரித்திருப்பார்கள். தட்டு பழுதானால் இரண்டும் போகும். நிறுவும்போது எல்லாப் பிரிவுகளையும் அழித்தாலும் இரண்டும் போகும்.

ஃபார்மட் அவசியம்தானா?

இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவது என்றால் பழைய விண்டோஸ், மென்பொருள்கள், கோப்புகள் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, வெறுமையான வன்தட்டில் முதலிலிருந்து தொடங்குவது. இதையும் அப்கிரேடையும் ரீசெட்டையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. அப்கிரேட் செய்தால் விண்டோஸ் 10 இருந்த இடத்தில் விண்டோஸ் 11 வந்து அமரும். கோப்புகளும் மென்பொருள்களும் அப்படியே இருக்கும். செட்டிங்ஸ் பகுதியில் உள்ள ‘ரீசெட் திஸ் பிசி’ வசதியில் ‘கீப் மை ஃபைல்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் சொந்தக் கோப்புகள் தங்கும், நீங்கள் நிறுவிய மென்பொருள்கள் போய்விடும்.

கணினி நன்றாக ஓடுகிறது, விண்டோஸ் 11க்குத் தகுதியும் பெற்றிருக்கிறது என்றால் அப்கிரேடே போதும். வைரஸ் புகுந்திருந்தாலோ, கணினி விண்டோஸுக்குள் நுழையவே மறுத்தாலோ, வன்தட்டை மாற்றினாலோ புதிதாக நிறுவத்தான் வேண்டும். பிள்ளைகளுக்காகப் பழைய அலுவலக மடிக்கணினி வாங்கும் குடும்பங்கள் இப்போது அதிகம். முன்பு யார் வைத்திருந்தார்கள், உள்ளே என்ன விட்டுச் சென்றார்கள் என்று தெரியாத கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். அதை முதலில் துடைத்துவிடுவதே நல்லது.

விண்டோஸ் 11க்குக் குறைந்தது 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு, செக்யூர் பூட் வசதி ஆகியவை வேண்டும். இவற்றைவிடப் பல கணினிகளைத் தடுப்பது செயலிதான். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். கணினியின் ‘எபவுட்’ பக்கத்தில் செயலியின் பெயரைப் பாருங்கள். ஐ5-8250 என்று இருந்தால், கோட்டுக்குப் பின் வரும் 8 எட்டாம் தலைமுறையைக் குறிக்கும். ஐ5-7200 என்றால் ஏழாம் தலைமுறை. அது தகுதி பெறாது. ஐயம் இருந்தால் மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ‘பிசி ஹெல்த் செக்’ செயலி ஒரே சொடுக்கில் சொல்லிவிடும். நான்கு ஜிபி ரேமில் விண்டோஸ் 11 ஓடும் என்பது ஏட்டளவில் உண்மை. எட்டு ஜிபிக்குக் குறைவாக இருந்தால் பிள்ளைகள் நான்கு பக்கங்களைத் திறந்ததுமே திணறும் என்பது என் அனுபவம்.

எதை எடுத்து வைப்பது?

டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ் ஆகிய ஐந்து கோப்புறைகளையும் அப்படியே ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுங்கள். தேவையா, தேவையில்லையா என்று அப்போது உட்கார்ந்து தேர்வு செய்யாதீர்கள். இடம் இருந்தால் மொத்தமாக எடுத்துவிட்டுப் பிறகு ஓய்வாகப் பிரித்துக்கொள்ளலாம். டவுன்லோட்ஸ் குப்பை என்று விடுகிறவர்கள்தான் பிறகு பிள்ளையின் எஸ்பிஎம் முடிவுத் தாளைத் தேடுகிறார்கள்.

ஒன்டிரைவ் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோப்பின் பக்கத்தில் சிறு மேகப் படம் தெரிந்தால் அந்தக் கோப்பு உங்கள் கணினியில் இல்லை, இணையத்தில் மட்டுமே இருக்கிறது என்று பொருள். நிறுவிய பிறகு அதே கணக்கில் நுழைந்தால் திரும்பக் கிடைக்கும். ஆனால் அந்தக் கணக்கின் கடவுச்சொல் உங்களிடம் இருக்க வேண்டும். கணினி வாங்கிய அன்று கடைக்காரரோ உறவுக்காரத் தம்பியோ தன் கைப்பேசி எண்ணைக் கொடுத்து மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்திருப்பார். ஐந்து ஆண்டு கழித்து அந்த எண்ணுக்குத்தான் உறுதிக் குறியீடு போகும். துடைப்பதற்கு முன்பே அந்தக் கணக்கைத் திறந்து, மீட்பு எண்ணை உங்களுடையதாக மாற்றிவிடுங்கள். குரோம் போன்ற உலாவியில் சேமித்த கடவுச்சொற்களுக்கும் இதுவே பொருந்தும்; உங்கள் சொந்த ஜிமெயில் கணக்கில் அவை ஒத்திசைந்துள்ளனவா என்று பாருங்கள். டெலிமா வழியாகப் பிள்ளைகள் கூகல் டிரைவில் ஏற்றிய பள்ளி வேலைகளுக்கு ஆபத்தில்லை. அவை கணினியில் இருப்பவை அல்ல.

கணக்கு மென்பொருள் பயன்படுத்தும் சிறு வியாபாரிகளும் ஆலயப் பொருளாளர்களும் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்தத் தரவு டாக்குமென்ட்ஸில் இருக்காது. பெரும்பாலும் சி டிரைவில் தனிக் கோப்புறையில் இருக்கும். கோப்புறையை மட்டும் நகலெடுத்தால் போதாது. மென்பொருளைத் திறந்து, அதற்குள் இருக்கும் ‘பேக்கப்’ வழியாக ஒரு கோப்பை உருவாக்கி எடுத்து வையுங்கள். மென்பொருளின் பதிவு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நகலெடுத்து முடிந்ததும் அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, இன்னொரு கணினியில் செருகி, பத்துக் கோப்புகளையாவது திறந்து பாருங்கள். காணொளி ஒன்றை ஓட விடுங்கள். பெயர் தெரிவதால் கோப்பு நல்ல நிலையில் இருக்கிறது என்று சொல்ல முடியாது. உண்மையிலேயே விலைமதிப்பில்லாதவை இருந்தால் இரண்டாவது நகல் ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

பழைய தமிழ் எழுத்துருக்கள்

நம்மவர்களுக்கு மட்டுமே வரும் சிக்கல் ஒன்று இருக்கிறது. பொதுவான வழிகாட்டிகளில் அதைப் பார்க்க முடியாது.

1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் தமிழில் தட்டெழுதியவர்கள் யூனிகோட்டில் எழுதவில்லை. முத்து நெடுமாறன் 1985இல் இங்கே உருவாக்கிய முரசு மென்பொருளும், பின்னர் வந்த முரசு அஞ்சலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பரவலாகப் புழங்கின. பாமினி போன்ற பிற எழுத்துருக்களைப் பயன்படுத்தியவர்களும் இருந்தார்கள். அந்தக் காலக் கோப்புகளில் பலவற்றில் உள்ளே பதிவாகியிருப்பவை ஆங்கில எழுத்துக்கும் குறியீட்டுக்கும் உரிய எண்களே. அவற்றைத் திரையில் தமிழாக வரைந்து காட்டுவது எழுத்துருவின் வேலை. அதற்கு உரிய எழுத்துரு கணினியில் இருக்கும்வரை கோப்பு தமிழ். எழுத்துரு போய்விட்டால் அதே கோப்பு ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் புரியாத குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும்.

கணினியைத் துடைக்கும்போது போவது அந்த எழுத்துருதான். ஆலயத்தின் இருபது ஆண்டுக் கூட்டக் குறிப்புகள், சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்பிய அறிக்கைகளின் தமிழ் மூலம், தமிழ்ப்பள்ளியின் ஆண்டு மலர், அப்பா எழுதி வைத்த கதைகள் எல்லாம் பத்திரமாக நகலெடுக்கப்பட்டிருக்கும். ஆனால் திறந்தால் படிக்க முடியாது. கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடுவார்கள். அப்படி எதையும் அழிக்காதீர்கள்.

செய்யவேண்டியது இவ்வளவே. பழைய விண்டோஸ் இன்னும் ஓடும்போதே சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள ‘ஃபான்ட்ஸ்’ கோப்புறையைத் திறந்து, எல்லா எழுத்துருக்களையும் பென்டிரைவுக்கு நகலெடுங்கள். எது தமிழ் எழுத்துரு என்று தேடி நேரம் வீணாக்க வேண்டாம். புதிய விண்டோஸ் வந்த பிறகு, தேவையான எழுத்துருக் கோப்பின் மேல் வலச் சொடுக்கு செய்து ‘இன்ஸ்டால்’ என்று கொடுத்தால் பழைய கோப்புகள் மீண்டும் தமிழாகத் தெரியும். அதோடு, மிக முக்கியமான ஆவணங்களை இப்போதே திறந்து பிடிஎஃப் ஆகவும் சேமித்து வையுங்கள். பிடிஎஃப் கோப்பில் எழுத்துருவும் உள்ளேயே பதிந்துவிடுவதால் எந்தக் கணினியிலும் படிக்கலாம். ஆனால் அதில் சொல்லைத் தேடவோ, எடுத்து வேறிடத்தில் ஒட்டவோ முடியாது. அதற்கு யூனிகோட்டுக்கு மாற்றித்தான் ஆக வேண்டும். சென்னையின் நியூ ஹொரைசன் மீடியா இலவசமாக வெளியிட்ட என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகள் அதற்கு உதவும். மாற்றிய பிறகு ஒருமுறை மெய்ப்புப் பார்ப்பது நல்லது.

யூனிகோட்டில் எழுதிய கோப்புகளுக்கு இந்த ஆபத்தில்லை. ஆனாலும் லதா எழுத்துருவில் அமைத்த பக்கங்கள் புதிய கணினியில் வேறு வடிவில் தெரிந்து, வரிகள் இடம் மாறிப் போகலாம். விண்டோஸ் 10 முதல் லதாவும் விஜயாவும் தாமாக வருவதில்லை. செட்டிங்ஸில் ‘ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்’ பகுதிக்குச் சென்று ‘தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்’ என்பதைச் சேர்த்தால் சரியாகிவிடும்.

உரிமமும் பூட்டும்

மடிக்கணினி விண்டோஸோடு வாங்கப்பட்டிருந்தால் உரிமத்துக்கு மீண்டும் பணம் கட்டத் தேவையில்லை. விண்டோஸ் 8 காலத்திலிருந்து உரிம எண்ணைத் தயாரிப்பாளர்கள் கணினியின் தாய்ப்பலகையிலேயே பதிந்து விடுகிறார்கள். ‘ஆக்டிவேஷன்’ பக்கத்தில் ‘டிஜிட்டல் லைசன்ஸ்’ என்று இருக்கிறதா, உங்களுடையது ஹோமா புரோவா என்று இன்றே பார்த்து எழுதி வையுங்கள். நிறுவும்போது அதே பதிப்பைத் தேர்ந்தெடுத்தால், இணையம் கிடைத்ததும் தானாகவே உரிமம் உறுதியாகிவிடும். உரிமத்தை உடைக்கும் சிறு நிரல்களைப் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வைரஸை ஒழிக்கத் துடைத்த கணினியில் அடுத்த நிமிடமே புதிய வைரஸை ஏற்றுவது அதுதான்.

வன்தட்டு பூட்டப்பட்டுள்ளதா என்பதும் முக்கியம். பல புதிய மடிக்கணினிகளில் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ என்னும் பூட்டு உரிமையாளருக்குத் தெரியாமலே இயங்கிக்கொண்டிருக்கும். அதைத் திறக்கும் 48 இலக்க மீட்பு எண் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கணினி பழுதாகி, தட்டைக் கழற்றி வேறு கணினியில் படிக்க நினைத்தால் அந்த எண் இல்லாமல் ஒரு படத்தைக்கூட எடுக்க முடியாது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் இந்தப் பூட்டு பெரும்பாலும் தானாகவே விழுகிறது. எண்ணைத் தாளில் எழுதிப் பிறப்புப் பத்திரம் வைக்கும் கோப்பில் வையுங்கள்.

நிறுவும் நாள்

குறைந்தது 8 ஜிபி கொள்ளளவுள்ள பென்டிரைவ் ஒன்று வேண்டும். தமிழ்ப் பாடநூல்களில் விரலி என்பார்களே, அதேதான். அதில் உள்ளவை அழிந்துபோகும் என்பதால் நகலெடுத்த பென்டிரைவை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். மைக்ரோசாஃப்ட் தளத்தில் ‘மீடியா கிரியேஷன் டூல்’ என்பதைப் பதிவிறக்கி ஓடவிட்டால் அதுவே மீதியைச் செய்துகொள்ளும். இறங்கும் அளவு ஏறத்தாழ 5 ஜிபி. தோட்டப்புறத்தில் கைப்பேசித் தரவை நம்பியிருப்பவர்களுக்கு இது பெரிய செலவு. முன்பு பெடி என்று அழைக்கப்பட்ட நாடி மையம் அருகில் இருந்தால் அங்கே கேட்டுப் பாருங்கள். அல்லது பட்டணத்தில் வைஃபை வைத்திருக்கும் உறவினர் வீட்டில் செய்துகொள்ளுங்கள். அப்படியே உங்கள் மடிக்கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து வைஃபை டிரைவரையும் இறக்கிக்கொள்ளுங்கள்.

மின்கம்பியைச் செருகியே வைத்திருங்கள். மாலையில் இடியும் மழையும் வரும் காலமென்றால் காலையிலேயே தொடங்குங்கள். நகலெடுத்த வெளி ஹார்ட் டிஸ்க்கை மறக்காமல் கழற்றி எடுத்துவிடுங்கள். மேசைக் கணினியில் இரண்டு தட்டுகள் இருந்தால், கோப்புகள் உள்ள தட்டின் கம்பியையும் கழற்றி வைப்பது நல்லது. தவறான தட்டைத் துடைத்தவர்கள் எல்லாரும் இரண்டும் செருகியிருந்தபோதுதான் துடைத்தார்கள்.

பென்டிரைவைச் செருகிக் கணினியை முடுக்கியதும், நிறுவனச் சின்னம் தெரிவதற்குள் உரிய பொத்தானைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டெல், லெனோவோ கணினிகளில் பொதுவாக எஃப்12. எச்பியில் எஃப்9. ஏசுஸில் எஸ்கேப். ஏசரில் எஃப்12தான், ஆனால் சிலவற்றில் முதலில் எஃப்2 அழுத்தி பயோஸுக்குள் சென்று அந்தப் பட்டியலை இயக்க வேண்டியிருக்கும். வரும் பட்டியலில் யுஎஸ்பியைத் தேர்ந்தெடுங்கள்.

மொழி, விசைப்பலகை கேட்ட பிறகு உரிம எண் கேட்கும். ‘ஐ டோன்ட் ஹேவ் எ புராடக்ட் கீ’ என்பதைச் சொடுக்கி, குறித்து வைத்த பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். புதிய பதிப்புகளில், கோப்புகள், செயலிகள், அமைப்புகள் அனைத்தும் அழியும் என்பதை ஒப்புக்கொள்ளும் கட்டம் ஒன்றும் வரும். பிறகு வன்தட்டின் பிரிவுகள் பட்டியலாகத் தெரியும்.

இந்த ஒரு திரையில் மட்டும் அவசரப்படாதீர்கள். ‘டிஸ்க் 0’ என்று இருப்பதன் கொள்ளளவு உங்கள் கணினியின் தட்டோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். 256 ஜிபி தட்டு என்றால் பிரிவுகளின் கூட்டுத்தொகை சுமார் 238 ஜிபி என்று காட்டும், அது சரிதான். பொருந்தினால் அதன் பிரிவுகளை ஒவ்வொன்றாக ‘டிலீட்’ செய்யுங்கள். முடிவில் ‘அன்அலகேட்டட் ஸ்பேஸ்’ என்று ஒரே வரி மிஞ்சும். அதைத் தேர்ந்தெடுத்து ‘நெக்ஸ்ட்’ கொடுத்தால் போதும், தேவையான பிரிவுகளை விண்டோஸ் தானே உருவாக்கிக்கொள்ளும்.

பட்டியல் காலியாக இருந்தால் தட்டு கெட்டுவிட்டது என்று பயப்படாதீர்கள். இன்டெல் பதினோராம் தலைமுறையும் அதற்குப் பின் வந்தவையும் உள்ள சில மடிக்கணினிகளில், இன்டெல் ஆர்எஸ்டி என்னும் டிரைவரைக் கொடுத்தால்தான் தட்டு கண்ணுக்குத் தெரியும். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து அதை இறக்கிப் பிரித்து, பென்டிரைவில் வைத்து, ‘லோட் டிரைவர்’ வழியாகக் கொடுக்க வேண்டும்.

பாதியில் கணினி தானாக அணைந்து மீண்டும் எழும். அப்போது எந்தப் பொத்தானையும் தொடக் கூடாது. தொட்டால் பென்டிரைவிலிருந்து மறுபடி முதல் திரை வரும். நிறுவல் தோற்றுவிட்டது என்று நினைத்து மூன்று முறை திரும்பச் செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

விண்டோஸ் 11 ஹோம் பதிப்பு இணையத்தையும் மைக்ரோசாஃப்ட் கணக்கையும் கேட்டு நிற்கும். வைஃபை தெரியாவிட்டால், ஆண்ட்ராய்டு கைப்பேசியைக் கம்பி மூலம் இணைத்து, அதன் அமைப்பில் ‘யுஎஸ்பி டெதரிங்’ என்பதை இயக்குங்கள். பெரும்பாலான கணினிகள் அதை உடனே இணையமாக ஏற்றுக்கொள்கின்றன.

உள்ளே நுழைந்ததும் ‘விண்டோஸ் அப்டேட்’ பகுதியை இரண்டு மூன்று முறை, புதிதாக ஏதும் வராத வரை ஓடவிடுங்கள். ‘டிவைஸ் மேனேஜர்’ பட்டியலில் மஞ்சள் குறி ஏதும் இருந்தால் அந்தப் பாகத்துக்கு டிரைவர் இன்னும் வரவில்லை என்று பொருள். வைரஸ் தடுப்புக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டாம். விண்டோஸோடு வரும் டிஃபென்டர் வீட்டுத் தேவைக்குப் போதும். தமிழில் தட்டெழுத, மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99, அஞ்சல் ஆகிய இரண்டு விசைமுகங்களும் விண்டோஸ் 11இல் கிடைக்கின்றன. கடைசியாகக் கோப்புகளைத் திரும்ப ஏற்றுங்கள். வைரஸ் காரணமாகத் துடைத்திருந்தால் ஆவணம், படம், காணொளி மட்டும் போதும். பழைய நிரல்களை நகலிலிருந்து எடுத்துப் போடாதீர்கள்.

தகுதி பெறாத பழைய கணினிகள்

சோதனைகளைத் தாண்டி விண்டோஸ் 11ஐ ஏற்றித் தரும் வழிகள் இணையத்தில் உண்டு. அப்படி ஏற்றிய கணினிக்குப் புதுப்பிப்புகள் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. வீட்டின் ஒரே கணினியில் அதைச் செய்ய நான் சொல்லமாட்டேன்.

பிள்ளைகளின் டெலிமா, யூடியூப், மின்னஞ்சல், கடிதம் எழுதுவது ஆகியவற்றுக்கு மட்டும் என்றால் லினக்ஸ் மின்ட் நல்ல மாற்று. இலவசம். ரேம் 4 ஜிபி இருந்தால் சரளமாக ஓடும். டெலிமா உலாவியில் இயங்குவது என்பதால் விண்டோஸ்தான் வேண்டும் என்ற கட்டாயமில்லை. வேர்ட் கோப்புகளை லிப்ரெஆஃபிஸ் திறக்கும். விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட கணக்கு மென்பொருள்கள் மட்டும் ஓடாது. நிறுவாமலேயே பென்டிரைவிலிருந்து ஓடவிட்டுப் பார்க்கலாம். அச்சுப்பொறியும் வைஃபையும் வேலை செய்கின்றனவா என்று தெரிந்துகொண்டு பிறகு முடிவு செய்யலாம்.

இதே பென்டிரைவுக்கு இன்னொரு பயனும் உண்டு. விண்டோஸுக்குள் நுழையவே முடியாத கணினியில் இதை ஓடவிட்டால், வன்தட்டு பூட்டப்படாமலும் பழுதாகாமலும் இருக்கும்பட்சத்தில், உள்ளே உள்ள கோப்புகளைத் திறந்து வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுத்துவிடலாம். “உள்ளே போகலை, ஃபார்மட்தான் வழி” என்று யாராவது சொன்னால், முதலில் இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

கடையில் கொடுப்பவர்களுக்கு

எல்லாரும் தாமே செய்ய வேண்டும் என்பதில்லை. கொடுப்பதற்கு முன் நகலை மட்டும் நீங்களே எடுங்கள். கடைக்காரர் எடுப்பது இரண்டாவது நகலாக இருக்கட்டும். எந்த விண்டோஸ், எந்தப் பதிப்பு, என்ன அழிக்கலாம், என்ன அழிக்கக் கூடாது என்பதை ரசீதில் எழுதச் சொல்லுங்கள்.

கணினியில் இன்னும் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் இருக்கிறது என்றால், அதைத் துடைக்காமல் கழற்றிவிட்டுப் புதிய எஸ்எஸ்டி ஒன்றில் விண்டோஸை நிறுவச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த வழிகளில் இதுவே சிறந்தது. கணினியின் வேகம் கண்கூடாக மாறும். பழைய தட்டு அப்படியே உங்கள் கையில் திரும்பி வரும். யுஎஸ்பி உறை ஒன்றில் போட்டால் வெளி ஹார்ட் டிஸ்க்காகத் திறந்து பார்க்கலாம். ஆறு மாதமாவது அதில் எதையும் அழிக்காமல் வையுங்கள். மறந்துபோன கோப்பு நினைவுக்கு வருவது பெரும்பாலும் மூன்றாம், நான்காம் மாதத்தில்தான்.

ஏற்கெனவே துடைத்துவிட்டீர்கள், நகலும் இல்லை என்றால் அந்தக் கணினியை உடனே அணைத்துவிடுங்கள். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் பழைய கோப்பின் மேல் புதியது எழுதப்படாத வரை மீட்பு மென்பொருள்களால் ஓரளவு எடுக்க முடியும்; ஒவ்வொரு நிமிடம் ஓடும்போதும் அந்த வாய்ப்பு குறையும். எஸ்எஸ்டி வேறு மாதிரி. அழித்த இடத்தை அதுவே பின்னணியில் காலி செய்துவிடுவதால் பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது. தட்டைக் கழற்றித் தரவு மீட்பில் அனுபவம் உள்ளவரிடம் கொடுங்கள். எடுக்கும் கோப்புகளை அதே தட்டில் சேமிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.